நெற்றியில் பதிந்த முத்திரை

அன்று காலை முத்திரை அறையின் கதவை உடைத்தபோது அங்கே நின்றவர்கள் ஆறு பேர். பிற்பாடு ஷீராஸ் கடைத்தெருவில் அறுபது பேர் "நான் என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஆறு பேர்தான். பெயர்களைச் சொல்லிவிடலாம்.

நகரக் காவலுக்குத் தலைவரான தாரோகா அஸ்லான். இளைய கானின் வாயிற்காவல் தலைவர் அல்லாக்குலி பேக். கானின் சொல் வெளியே வருவதும் வெளியார் சொல் உள்ளே போவதும் இவர் வாய் வழியாகத்தான். கானின் கடிதங்களை எழுதும் மீர்சா நயீம். காப்பி கொடுக்கும் கிழவர் சப்ஸ் அலி. கானின் சித்தப்பாவுடைய பாசறையிலிருந்து முந்தின நாள் வந்து சேர்ந்த தூதர் ஷாமீர். ஆறாமவர் மீர்சா ஹிதாயத். முத்திரைக்காரரின் கதவை உடைப்பதென்றால் அவர் வீட்டார் ஒருவர் உடன் நிற்க வேண்டும் என்பது அரண்மனை வழக்கம். அதற்காக ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கானின் முத்திரையைக் காக்கும் முத்திரைக்காரர் மீர்சா ஷுக்ருல்லா. ஹிதாயத்தின் ஒரே தம்பி. எழுது பலகையின் மேல் கவிழ்ந்து கிடந்தார். உயிர் போய்விட்டிருந்தது.

சூரியன் உதித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. சன்னலுக்கு இரும்புக் கம்பி. முத்திரைப் பை இறந்தவரின் கழுத்தில் இருந்தது, முடிச்சு அவிழவில்லை. பலகைக்குப் பக்கத்தில் மசிக்கூடு, நாணல் பேனாக்கள், ஒரு கத்தரிக்கோல், அதனடியில் நகத்தளவு முக்கோணத் தாள் துணுக்குகள் நாலைந்து. கிண்ணமோ தண்ணீரோ புட்டியோ எதுவும் இல்லை.

தாரோகா குனிந்து உதட்டைப் பார்த்தார். விரலால் வாயைத் திறந்து முகர்ந்தார்.

"வச்சநாபி விஷம். நாக்கு மரத்து, நெஞ்சு நின்னு போயிருக்கு. ஆளைக் கூப்பிடக்கூட முடிஞ்சிருக்காது பாவம்."

அல்லாக்குலி பேக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நயீம் சுவரில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. அதை எல்லோரும் கவனித்தார்கள்.

ஹிதாயத் அழவில்லை. அவர் குடும்பத்தில் ஆண்கள் பிறர் முன்னால் அழுவதில்லை. தம்பியின் தலைப்பாகை உருண்டு கிடந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி, இறந்தவர் தலையில் நேராக வைத்தார். பிறகுதான் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"என் தம்பிய எதுக்காகக் கொன்னாங்க?"

"கொன்னாங்கன்னு யார் சொன்னா?" என்றார் தூதர் ஷாமீர். மலைக்காட்டு மனிதர், தாடியைவிட மீசை பெரிது. "அவனே தின்னுட்டுப் படுத்திருப்பான். எதுக்குன்னா, இதுக்கு." இடுப்புக் கச்சையிலிருந்து ஒரு கடிதத்தை உருவி நீட்டினார்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய கான் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகவில்லை. அவர் உடல் மூன்று நாள் குளிப்பாட்டப்படாமல் கிடக்க, உறவினர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். கடைசியில் மிஞ்சிய இளைய கான் அரியணையில் உட்கார்ந்து அன்றோடு முப்பது நாள். நல்ல பிள்ளை, ஆனால் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொன்னதே அவருக்குச் சரியென்று படும். அவருடைய சித்தப்பா தெற்கே போன படையோடு திரும்பி வந்து, நகருக்கு இரண்டு நாள் தொலைவில் கூடாரம் அடித்திருந்தார். சித்தப்பாவின் பிள்ளைகள் ஷீராஸில் கானின் பிடியில் இருந்தார்கள். விருந்தாளியாக உள்ளே வருவதாகவும், சண்டை வேண்டாம் என்றும் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில், இந்தக் கடிதம் கான் முத்திரையோடு அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஹிதாயத் தாளை விரித்தார். நல்ல வழவழப்பான தாள். நான்கு மூலையும் கத்தி முனைபோல நின்றன. மேலே, நடுவில், சதுர முத்திரை. முதல் வரியில் ஓர் எழுத்தின் கொம்பு உயர்ந்து முத்திரையின் ஓரத்தைக் கடந்திருந்தது. வாசகம் சுருக்கம்: "உன்னைச் சித்தப்பா என்றழைக்க நா கூசுகிறது. இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தால் உன் பிள்ளைகளின் கண்கள் ஒரு தட்டில் உன்னிடம் வந்து சேரும்."

"கான் தன் தலைமேல சத்தியம் பண்ணிட்டார், நான் சொல்லல, நான் எழுதல, எனக்குத் தெரியாதுன்னு," என்றார் தாரோகா. "விடிஞ்சதும் முத்திரைக்காரர விசாரிக்கச் சொன்னார். விடிஞ்சா இப்படி."

அல்லாக்குலி பேக் உள்ளே போய் வந்தார்.

"கான் உத்தரவு. தீர விசாரிக்கச் சொல்றார்."

கால் மணி நேரம் கழித்து மறுபடி போய் வந்தார்.

"விசாரிக்க வேண்டாம்னு சொல்றார். முத்திரையை வித்தவன் பயத்துல விஷம் தின்னுட்டான். நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் தலையை எடுத்துத் தூதர் கையில குடுத்து, சித்தப்பாகிட்ட மன்னிப்புக் கேட்கணும். வீட்டுக் கதவுல களிமண் பூசி முத்திரை வைக்கணும்." பேக் மூக்கைச் சிந்தினார். "நான் எவ்வளவோ சொன்னேன் பெரியவரே. இருபது வருஷம் அவரோட ஒரே விரிப்புல சாப்பிட்டவன் நான்."

நான்கு தலைமுறையாக அந்த வீட்டார் ஷீராஸில் முத்திரை காத்தவர்கள். நாதிர் ஷாவின் ஆட்கள் நகத்தைப் பிடுங்கியபோதும் ஹிதாயத்தின் பாட்டனார் பையின் முடிச்சை அவிழ்க்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை தலையில்லாமல் மண்ணுக்குள் போவதா?

"நண்பகல் பாங்கு வரைக்கும் அந்த உடம்ப எவனும் தொடக் கூடாது," என்றார் ஹிதாயத். "அதுக்குள்ள யாருன்னு சொல்றேன். சொல்ல முடியலன்னா, கத்திய என் கையில குடுங்க. அந்நியன் கை படாம நானே அறுத்துத் தர்றேன்."

தாரோகா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவரே, நீங்க எழுத்துக்காரர். இது என் தொழில்."

"உங்க தொழில நீங்க செஞ்சிருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்?"

தூதர் தொடையைத் தட்டிச் சிரித்தார். தாரோகா சிரிக்கவில்லை, ஆனால் வாசலில் இரண்டு காவலரை நிறுத்தி, ஒருவரையும் வெளியே விடாதீர்கள் என்றார்.

சூரியன் உதித்து இரண்டு மணி நேரம். முன்கூடத்தில் கம்பளம் விரித்து உட்கார்ந்தார்கள். முதலில் கிழவர் சப்ஸ் அலி.

"என் தம்பி காலைல என்ன சாப்பிட்டான்?"

"வெறும் காப்பி பெரிய மீர்சா. நான் ஊத்தின அதே செம்புலதான் பேக்கும் குடிச்சார், நயீம் மீர்சாவும் குடிச்சார். மிச்சத்த நான் குடிச்சேன். நான் சாகல பாருங்க."

"அபின்?"

கிழவர் கையை விரித்தார். "யஸ்துலேர்ந்து சரக்கு வர்ற வழி அடைச்சதுலேர்ந்து ஊர்ல ஒரு கடுகளவு அபின் கிடையாது. பெரிய மனுஷங்கள்லாம் மூக்கொழுகிக்கிட்டுத் திரியறாங்க. சின்ன மீர்சாவுக்குத் தீர்ந்து ரெண்டு நாள். நேத்தெல்லாம் கொட்டாவி விட்டுக்கிட்டு, எரிஞ்சு எரிஞ்சு விழுந்தார். ஆனா இன்னைக்கு விடியல்ல..."

"சொல்லு."

"நான் தணல் எடுக்க அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தா ஆள் சிரிச்ச முகமா இருக்கார். 'சப்ஸ் அலி, அல்லா பெரியவன்டா'ன்னு முதுகுல தட்டினார். எங்கேயோ ஒரு உருண்டை கிடைச்சிருக்கு. அப்புறம் உள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டார். பைய அவுக்கணும்னா தாழ் போட்டாகணுமில்ல? சூரியன் உதிக்கிற முரசு அப்பத்தான் அடிச்சுது."

பையை அவிழ்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

"அப்ப விஷம் உள்ள போய்த் தின்னதில்ல," என்றார் தாரோகா மெதுவாக. "அபினுக்குள்ள பொதிஞ்சு வெளியிலயே குடுத்திருக்காங்க. கரைய நேரம் எடுத்திருக்கு. சரி, தணல் எடுக்கப் போனப்ப அங்க இருந்தது யாரு?"

"பேக்கும், நயீம் மீர்சாவும். வேற ஆரு?"

அடுத்து நயீம். உட்காரும்போதே பல் கிட்டித்தது.

"இந்தக் கையெழுத்து யாருது?" தாரோகா கடிதத்தை அவர் மடியில் போட்டார்.

"என்... என்னோடது மாதிரிதான் இருக்கு. ஆனா நான் எழுதல. என் பிள்ளைங்க மேல ஆணை."

"பிள்ளைங்கள அப்புறம் பார்ப்போம். ஏன் நடுங்குற?"

"நாலு நாளாச்சு தாரோகா, என் டப்பி காலியாகி. எலும்பெல்லாம் நாய் கடிக்கிற மாதிரி இருக்கு. ஷுக்ருல்லாவுக்குக் குடுக்க எங்கிட்ட உருண்டை இருந்திருந்தா, நான் முழுங்கியிருக்க மாட்டேனா?"

"நல்லா ஜோடிச்சுப் பேசுற," என்றார் தாரோகா.

பிறகு அல்லாக்குலி பேக். கைக்குட்டை நனைந்திருந்தது.

"உங்ககிட்ட அபின் இருந்ததா பேக்?" என்று கேட்டார் ஹிதாயத்.

"ஒண்ணே ஒண்ணு இருந்தது. நேத்தே சப்ஸ் அலிகிட்ட காட்டிப் புலம்பினேன். இன்னைக்கு விடியல்ல, காப்பிக்கு முந்தி, நானே போட்டுக்கிட்டேன். ஷுக்ருல்லா கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேன். அவரு கேக்கல. கௌரவக்காரரு." அவர் குரல் உடைந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

தாரோகாவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியாகத் தூதர். அவரை யாரும் விசாரிக்கவில்லை, அவராகவே பேசினார்.

"ஓய் பெரியவரே, நீர் யாரக் காப்பாத்தப் பார்க்கிறீர்? உம்ம கான் எங்க தலைவருக்கு இதுவரைக்கும் அஞ்சு கடுதாசி போட்டிருக்கான். அஞ்சுலயும் முத்திரை எங்கேன்னு தேடிக் கண்டுபிடிக்கணும். தாளத் திருப்பினா பின்பக்கம், அடியில, ஒரு மூலையில, கால்ல விழுந்து கிடக்கும். 'பாருடா, என் அண்ணன் பிள்ளைக்கு மரியாதை தெரியுது'ன்னு எங்க தலைவர் கண்ணுல ஒத்திக்கிட்டார். இப்ப என்னடான்னா நெத்தியிலயே ஓங்கி அடிச்சிருக்கான், ஏதோ வேலைக்காரனுக்கு உத்தரவு போடுற மாதிரி. வாசகம்கூட வேண்டாம், அந்த முத்திரைய நெத்தியில பார்த்ததுமே எங்க ஆளுங்க வாள உருவிட்டாங்க."

ஹிதாயத்துக்குத் தம்பி சொல்ல வந்த ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது.

பத்து நாளைக்கு முன்னால் வீட்டில் பகல் சாப்பாடு. தயிரும் புதினாவும் ரொட்டியும் விரித்திருந்தது. ஷுக்ருல்லா ரொட்டியைப் பிய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அண்ணே, இப்பல்லாம் எழுத்துக்கு முன்னாடியே முத்திரை விழுது. கேக்குறவனுக்கெல்லாம்..." என்று தொடங்கினார். ஹிதாயத் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "அரண்மனைப் பேச்சு அரண்மனையில. சாப்பிடு." அது அவர்கள் வீட்டு விதி. பாட்டனார் போட்டது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். யார் கேட்டது என்று சொல்ல வந்தாரோ அந்தப் பெயர் அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்த ஒரு பெயரை அன்று கேட்டிருந்தால் தம்பி இன்று இருந்திருப்பார். ஹிதாயத் இதைத் தெரிந்துகொண்டே கம்பளத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சூரியன் உச்சிக்கு ஏற இன்னும் ஒரு மணி நேரம். வெளியே முற்றத்தில் தலை வெட்டுபவன் வந்து, சாணைக்கல்லைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சின்ன வேலை," என்றார் ஹிதாயத். "எழுதத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு தாள்ல நாலு வரி எழுதணும். இந்தக் கடுதாசி வாசகத்தையே எழுதுங்க. கையெழுத்த ஒத்துப் பார்ப்போம்."

"நான் எதுக்குய்யா?" என்றார் பேக். "நான் எழுத்துக்காரன் இல்லையே. வடக்கே குர்ஜி நாட்டுலேர்ந்து அடிமையா வந்தவன். முப்பது வயசுக்கு மேல பாசறையில உக்காந்து, நயீமோட கடுதாசிகள வாங்கி வச்சு, அதப் பார்த்துப் பார்த்துக் கிறுக்கிப் பழகினவன். வாத்தியார் பிரம்பு எந்தப் பக்கம் வலிக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

"அப்ப பயமில்லாம எழுதலாம்."

தாள், மசி, பேனா, கத்தரி எல்லாம் வந்தன. தாரோகா தன் பங்குக்கு, "எனக்கு என் பேரே எழுத வராது, என்ன விட்டுருங்க," என்றார். தூதர், "எனக்குப் படிக்கவே வராது, கடுதாசிய எனக்கு இன்னொருத்தன்தான் வாசிச்சான்," என்று பெருமையாகச் சொன்னார்.

நயீம் தாளை எடுத்தார். எழுதினார். பேக் நெற்றியைச் சுருக்கி, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு எழுதினார். இடையில் இரண்டு முறை பெரிதாகக் கொட்டாவி விட்டார்; மூக்கை உறிஞ்சினார். தாள்கள் ஹிதாயத் கைக்கு வந்தன. தாரோகா எட்டிப் பார்த்தார்.

"அட, நயீம் எழுத்து அச்சு அசலா கடுதாசியில இருக்குறதுதான். பேக்கோடது வேற மாதிரி, சாய்ஞ்சு சாய்ஞ்சு கிடக்கு. தீர்ந்துது கதை." அவர் எழுந்து நயீமின் தோளைப் பிடித்தார். நயீம் "ஐயோ" என்று வாய்க்குள் முனகினார்.

"கைய எடுங்க தாரோகா," என்றார் ஹிதாயத். தூதர் பக்கம் திரும்பினார். "இந்த ஊர் அவ்வளவு தனியாவா போச்சு? கான் கூப்பிட்டா நாலு பக்கமும் குதிரைப்படை வரும்னாங்க. ஒரு குதிரையக்கூட காணோமே. கூப்பிட ஆள் இல்லையோ?"

பேக்குக்குச் சுருக்கென்று பட்டது. "ஆள் இல்லாமலா? நானே எழுதினேன் மூணு உத்தரவு. காஸ்ரூனுக்கு ஒண்ணு, ஜஹ்ரூமுக்கு ஒண்ணு, ஃபஸாவுக்கு ஒண்ணு."

"நீங்க எழுதி, கானுக்குக் காட்டி, முத்திரை வாங்குனீங்க?"

"எதுக்குக் காட்டணும்? முத்திரை போட்ட வெறும் தாள் மூணு குடுக்கச் சொல்லி கானே உத்தரவு போட்டார். அவ்வளவு நம்பிக்கை எம்மேல."

தூதர் வாய்விட்டுச் சிரித்தார். "ஃபஸாவுக்கா? ஃபஸாக் குதிரைக்காரங்க இருநூறு பேரும் எங்க கூடாரத்துலதானே கறியும் ரொட்டியும் தின்னுக்கிட்டிருக்கானுங்க! 'ஷீராஸ்லேர்ந்து எங்கள எவனும் ஒரு வார்த்தை கூப்பிடல, அந்த ரோஷத்துல வந்தோம்'னு சத்தியம் பண்றானுங்களே!"

முற்றத்தில் சாணைக்கல் சத்தம் மட்டும் கேட்டது.

"மூணாவது தாள் ஃபஸாவுக்குப் போகல," என்றார் ஹிதாயத். "அது இதோ, என் கையில இருக்கு."

"என்ன உளறல் இது?"

"தாரோகா, இங்க வந்து பாருங்க. முதல் வரியில ஒரு கொம்பு முத்திரைய வெட்டிக்கிட்டுப் போகுதா? எது மேல இருக்கு, எது அடியில இருக்கு?"

தாரோகா தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "எழுத்து மேல இருக்கு. முத்திரை அடியில."

"எழுதி முடிச்சுத்தான் முத்திரை வைப்பாங்க. அப்ப முத்திரை மேல இருக்கணும். இது முத்திரை முன்னாடி விழுந்த தாள். வேலைக்காரங்களுக்கு உத்தரவு எழுதன்னு என் தம்பி நெத்தியில வச்சுக் குடுத்த வெறும் தாள். சித்தப்பாவுக்குப் போற கடுதாசிக்கு அவன் ஒரு நாளும் நெத்தியில வச்சதில்ல. கான் அத விட்டதுமில்ல. இதக் கண்ணால பார்த்த கணமே ஷுக்ருல்லா, 'இது நான் இன்னாருக்குக் குடுத்த தாள்'னு சொல்லியிருப்பான். விடிஞ்சா அவன விசாரிப்பாங்க. அதனால விடியறதுக்கு முந்தி அவன் வாய அடைச்சாகணும்."

"வெறும் தாள் கான் பல பேருக்குக் குடுத்திருக்கார்!" பேக் எழுந்துவிட்டார். "நயீமுக்கும் கிடைச்சிருக்கலாம். கையெழுத்து அவனோடதுதான்னு தாரோகாவே சொன்னார்!"

"நீங்க கையெழுத்த மாத்தி எழுதுனீங்க பேக். நான் கையெழுத்தப் பார்க்கவே இல்ல."

ஹிதாயத் இரண்டு புதுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நயீமின் தாளுக்கு வலது கீழ்மூலை இல்லை. சின்ன முக்கோணமாகக் கத்தரித்திருந்தது. துணுக்கு இன்னும் அவர் மடியில் கிடந்தது. பேக்கின் தாள் நான்கு மூலையும் முழுதாக இருந்தது. கடிதமும் அப்படியே.

"நயீம், எதுக்காக மூலைய வெட்டினே?"

நயீம் விழித்தார். "வெட்டினேனா? ஆமா. அது... பேனா எடுக்கறதுக்கு முன்னாடி கை தானா செய்யும். முழுமை ஆண்டவனுக்கு மட்டும்தானே. மனுஷன் எழுதுற தாள்ல ஒரு மூலை குறையணும்னு வாத்தியார் விரல்லயே அடிப்பார்."

"ஷீராஸ்ல பள்ளியில எழுதப் படிச்ச எவனும் நாலு மூலைத் தாள்ல எழுத மாட்டான். கடைத்தெருவுல கூலிக்குக் கடுதாசி எழுதுறவன்கூட வெட்டிட்டுத்தான் எழுதுவான்; கத்தியக் கழுத்துல வச்சாலும் வெட்டிட்டுத்தான் எழுதுவான். எழுத்தப் பார்த்து எழுதிப் பழகினவருக்கு எழுத்து வந்துது. வெட்டுன மூலை கண்ணுல படல. இல்லாதது யார் கண்ணுலயும் படாது."

பேக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லுக்குப் பதிலாகக் கொட்டாவி வந்தது. கண்ணில் நீர் வழிந்தது.

"இந்த அரண்மனையில என் தம்பிக்காக அழுதவர் நீங்க ஒருத்தர்தான்," என்றார் ஹிதாயத். "எனக்கே மனசு இளகிச்சு. இப்பத்தான் யோசிச்சேன். விடியல்ல உருண்டை போட்டவனுக்கு நண்பகலுக்கு முந்தி கொட்டாவி எப்படி வரும்? கண்ணும் மூக்கும் எப்படி ஒழுகும்? நயீமுக்கு நடுக்கம், உங்களுக்குக் கண்ணீர். ரெண்டும் அபின் கிடைக்காத ஒரே நோய். நடுக்கத்தக் குத்தம்னு நெனச்சோம், கண்ணீரப் பாசம்னு நெனச்சோம். உங்ககிட்ட இருந்தது ஒரே உருண்டை. பழகின நாக்கு, போலி அபின்னா துப்பிடும். அதனால அசல் அபினையே விஷத்துக்கு மேல பூசினீங்க. உங்க உருண்டைய நீங்க போட்டுக்கல பேக். என் தம்பிக்குக் குடுத்தீங்க."

"சித்தப்பா உள்ள வந்தா முதல்ல விழுற தலை யாரோடது?" பேக் திடீரென்று கத்தினார். "அவர் மூத்த பிள்ளைய நான்தானே செருப்பால அடிச்சு சிறைக்குள்ள தள்ளினேன்! கான் சொல்லித்தான் தள்ளினேன்! இப்ப கான் சித்தப்பாவோட விருந்து சாப்பிடுவார், நான் சாகணுமா? சண்டை வந்தா நான் பிழைப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"எங்க தலைவரோட மூத்த பிள்ளையவா?" என்றார் தூதர். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

தாரோகா கானுக்குச் சொல்லி அனுப்பினார். இம்முறை கானின் அறைத் திரையைக் காக்கும் காவலர் ஒருவர் பதில் கொண்டுவந்தார். "கான் சொல்றார்: பேக்கைக் கட்டுங்கள்." அவர் திரும்பி நாலடி வைப்பதற்குள் இன்னொருவர் ஓடிவந்தார். "கான் சொல்றார்: கட்ட வேண்டாம், பேக் கோபித்துக்கொள்வார்." மூன்றாவதாக முதலாமவரே மூச்சிரைக்க வந்தார். "கான் சொல்றார்: உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள்."

"இதுதான் உங்க ராஜாங்கமா?" என்றார் ஷாமீர்.

தாரோகா பேக்கின் இடுப்புக் கச்சையையே உருவி அவர் கையைக் கட்டினார். தூதரிடம் ஆளையும் கடிதத்தையும் ஒப்படைத்தார். அப்போதுதான் நண்பகல் பாங்கு ஒலித்தது. முற்றத்தில் சாணைக்கல்லை எடுத்துக்கொண்டு அந்த ஆள் கிளம்பிப் போனான்.

"பெரியவரே," என்றார் தாரோகா, வாசல்வரை கூட நடந்து. "முத்திரை போட்ட வெறும் தாள் விவரம் உங்க தம்பி உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா? சொல்லியிருந்தா காலையிலயே முடிச்சிருக்கலாமே."

"எங்க வீட்ல அரண்மனைப் பேச்சு கிடையாது," என்றார் ஹிதாயத்.

நிமிர்ந்துதான் சொன்னார். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, படியில் ஒரு கணம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாரோகா அதைக் கண்டும் காணாதவர்போல் வேறு பக்கம் பார்த்தார்.

ஷுக்ருல்லாவை அன்று பிற்பகல் தொழுகைக்கு முன்பே குளிப்பாட்டி, தலையோடு, முகத்தைத் தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் திருப்பி, தாருஸ்ஸலாம் இடுகாட்டில் பாட்டனாரின் காலடியில் அடக்கம் செய்தார்கள். மீர்சா நயீம் நடுங்கிக்கொண்டே ஒரு தோள் கொடுத்தார்.

சண்டை நின்றதா என்றால், நிற்கவில்லை; தள்ளிப்போனது. சித்தப்பா விருந்தாளியாக வரவில்லை. நாற்பது நாள் கழித்துப் படையோடு வந்தார். இளைய கானின் ஆட்சி எழுபது நாளோடு முடிந்தது.

தம்பியின் தலையைக் கேட்காமல் விட்டதற்குக் கைம்மாறாக, மீர்சா ஹிதாயத்தான் அன்று சித்தப்பாவின் படைக்கு நகர வாசலைத் திறந்துவிட்டார் என்று ஷீராஸில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். வாசலைத் திறந்தவர்கள் அதைக் காத்து நின்ற காவலர்கள். அன்று ஷுக்ருல்லாவின் நாற்பதாம் நாள். ஹிதாயத் காலை முதல் மாலை வரை தன் வீட்டு வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் அல்வா கொடுத்துக்கொண்டிருந்தார். வேறெங்கும் போகவில்லை.